மாம்பழ மிளகுக் கோழி: சேலத்துப் பழமும் சேர்வராயன் மலை மிளகும் சேரும் ராத்திரிச் சமையல்

கோழிக்கறியில் பழம் சேர்ப்பவர்கள் தோற்பது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். பழத்தைத் தக்காளி மாதிரி நினைத்து, வெங்காயம் வதங்கியதும் சட்டியில் கொட்டிவிடுகிறார்கள். தக்காளி அரை மணி நேரம் கொதித்தாலும் தாங்கும். மாம்பழம் தாங்காது. பத்து நிமிஷத்தில் வாசனை ஆவியாகிப் போகும், கால் மணி நேரத்தில் அடிபிடிக்கும், கடைசியில் ஜாம் போட்ட கோழி மாதிரி ஒன்று மிஞ்சும். பழம் சட்டிக்குள் இரண்டு முறை போக வேண்டும். கோழி வெந்த பிறகு பாதி கூழாகப் போகும், அடுப்பை அணைக்கும் நேரத்தில் மீதி துண்டாகப் போகும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் வழக்கமான கோழிக் குழம்பு வேலைதான்.

சேலத்துக்காரர்களுக்கு இந்த ருசி புதிதல்ல. ஊர்த் தெருக்கடைத் தின்பண்டமான தட்டுவடை செட்டில் காரச் சட்னிக்கு நடுவே பீட்ரூட், கேரட் துருவலின் இனிப்பு எப்படி உட்காருகிறதோ, அதே கணக்குத்தான் இங்கேயும். காரம் முன்னால் வரவேண்டும், இனிப்பு பின்னால் வந்து சேரவேண்டும், இரண்டையும் பிடித்துக் கட்ட ஒரு துளி புளிப்பு இருக்கவேண்டும்.

எந்த மாம்பழம்

முதலில் ஒரு வேண்டுகோள்: மல்கோவாவைச் சட்டியில் போடாதீர்கள். நாரில்லாமல் சாறு ததும்பும் பழம் அது. சூடு பட்ட மறுகணமே கரைந்துவிடும், கொடுத்த காசும் அதோடு போகும். சாப்பிட்டு முடித்த பிறகு நறுக்கித் தட்டில் வையுங்கள், அதுதான் அதற்கு மரியாதை. இமாம்பசந்துக்கும் இதே பேச்சுத்தான்.

கூழுக்குச் செந்தூரா அல்லது பங்கனப்பள்ளி எடுங்கள். நன்றாகப் பழுத்திருக்க வேண்டும். காம்பு இருந்த இடத்தை முகர்ந்தால் வாசனை வரவேண்டும். தோல் முழுக்க ஒரே சீராக மஞ்சளாக இருந்து, முகர்ந்தால் ஒன்றுமே தெரியாத பழம் கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைத்ததாக இருக்கலாம். அப்படிப் பழுக்கவைப்பது சட்டப்படி தடைசெய்யப்பட்டது. அதோடு, அந்தப் பழம் வெளியே மஞ்சளாக இருந்தாலும் உள்ளே சப்பென்று இருக்கும். அதன் கூழை எவ்வளவு ஊற்றினாலும் குழம்பில் மாம்பழம் தெரியாது.

துண்டுகளுக்குக் கிளிமூக்கு. செங்காய்ப் பதத்தில், அதாவது தோலில் மஞ்சள் ஓடத் தொடங்கி, கட்டை விரலால் அழுத்தினால் லேசாக மட்டும் இளகும் நிலையில் எடுங்கள். சதை கெட்டியாக இருப்பதால் சூட்டிலும் விளிம்பு மழுங்காது. புளிப்பு கொஞ்சம் தங்கியிருப்பதால் குழம்பு முழுக்கத் தித்திப்பாகிவிடாமலும் காக்கும். கிளிமூக்கு கிடைக்காவிட்டால் அரைப்பழுப்பில் இருக்கும் நீலம் பயன்படும்.

பழத்தை நறுக்குவதற்கு அரை மணி நேரம் முன்பே தண்ணீரில் ஊறப்போட்டு, காம்புப் பக்கம் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். அங்கே காய்ந்திருக்கும் மாம்பால் உதட்டில் பட்டால் எரியும், சிலருக்குப் புண்ணாகும்.

நாலு பேருக்கு அளவு

கோழிக்கறி 750 கிராம். தோல் உரித்த தொடையும் காலும் கேளுங்கள், எலும்போடு நடுத்தரத் துண்டுகளாக வெட்டச் சொல்லுங்கள். நெஞ்சுக்கறி வேண்டாம். இந்தக் குழம்பு இருபது நிமிஷம் மூடி வேகும், அதற்குள் நெஞ்சுக்கறி வறண்டு நார் நாராகிவிடும்.
மஞ்சள் தூள் அரை டீஸ்பூன்
தூள் உப்பு ஒன்றே முக்கால் டீஸ்பூன்
மிளகு 2 டீஸ்பூன்
காய்ந்த மிளகாய் 5 (காரம் குறைவாக வேண்டுமென்றால் 3)
கொத்தமல்லி விதை 1 டீஸ்பூன், சோம்பு அரை டீஸ்பூன்
பூண்டு 8 பல், இஞ்சி ஒரு விரற்கடை நீளம்
சின்ன வெங்காயம் 150 கிராம்
பட்டை சிறு துண்டு, கிராம்பு 2
கறிவேப்பிலை 2 கொத்து
கடலை எண்ணெய் 3 டேபிள்ஸ்பூன்
நன்றாகப் பழுத்த மாம்பழக் கூழ் 200 கிராம்
செங்காய் மாம்பழத் துண்டு 200 கிராம்
வெல்லம் 10 முதல் 15 கிராம், தேவைப்பட்டால் மட்டும்
எலுமிச்சம்பழம் பாதி

தோலும் கொட்டையும் போனால் மாம்பழத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் சதை மிஞ்சும். அதனால் 300 கிராம் எடையில் ஒரு பழுத்த பழமும் அதே எடையில் ஒரு செங்காயும் வாங்கினால் கணக்குச் சரியாக வரும். கூழை மிக்ஸியில் அடிக்கத் தேவையில்லை, கையால் பிசைந்தால் போதும். செந்தூராவில் நார் தட்டுப்பட்டால் சல்லடையில் ஒரு முறை வடித்துவிடுங்கள். செங்காயின் இரண்டு கதுப்பையும் அறுத்தெடுத்து, தோல் சீவி, பெருவிரல் நகம் அளவுக்குச் சதுரமாக நறுக்குங்கள். இதைவிடச் சின்னதாக நறுக்கினால் கரண்டி பட்டதுமே உடையும்.

வெல்லத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். கூழை நாக்கில் வைத்துப் பாருங்கள், தித்திப்பாக இருந்தால் வெல்லமே வேண்டாம். போடுவதாக இருந்தால் கரும்பழுப்பு வெல்லமாகப் பார்த்து எடுங்கள். சேலம் செவ்வாய்பேட்டை மண்டியிலும் பளிச்சென்ற மஞ்சள் வெல்லம் கண்ணை இழுக்கும். அந்த நிறத்துக்காகப் பெரும்பாலும் ரசாயனம் சேர்ந்திருக்கும், ருசியும் மட்டாகத்தான் இருக்கும். இரண்டு ஸ்பூன் வெந்நீரில் கரைத்து, மண் போக வடித்துவிட்டு ஊற்றுங்கள்.

கோழியைத் தயார் செய்வது

கறியைக் கழுவுவதானால் குழாயடியில் பிடிக்காமல் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துக் கழுவுங்கள். குழாய்த் தண்ணீர் பச்சைக் கறியில் பட்டுத் தெறித்தால் பக்கத்தில் இருக்கும் பழத்திலும் பாத்திரத்திலும் கிருமி போய்ச் சேரும். இந்தச் சமையலில் பழத் துண்டுகள் ஏறக்குறையப் பச்சையாகவே சாப்பாட்டுக்கு வருவதால் இது முக்கியம். பழத்தை முதலில் நறுக்கி மூடி வைத்துவிட்டுப் பிறகு கறியில் கை வையுங்கள்.

தண்ணீரை ஒட்ட வடித்துவிட்டு, மஞ்சள் தூள், ஒரு டீஸ்பூன் உப்பு, நுணுக்கிய மிளகு அரை டீஸ்பூன் மட்டும் போட்டுப் பிசறி அரை மணி நேரம் வையுங்கள். இஞ்சி பூண்டு விழுதை இப்போது தடவ வேண்டாம். அடுத்து கறியை எண்ணெயில் சிவக்க வைக்கப்போகிறோம். விழுது ஒட்டியிருந்தால் கறி சிவப்பதற்கு முன் பூண்டு கருகிக் கசக்கும். தயிரும் வேண்டாம், ஈரம் கூடினால் கறி சிவக்காமல் வேகத்தான் செய்யும்.

இந்த அரை மணி நேரத்தில் காய்ந்த மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து, கொத்தமல்லி விதை, சோம்பு, இஞ்சி, பூண்டு சேர்த்து மையாக அரைத்துக்கொள்ளுங்கள். மிளகாய்த் தூளைவிட ஊறவைத்து அரைத்த விழுதுதான் பழத்தோடு ஒட்டும். தூள், இனிப்பான குழம்பில் நறநறவென்று தனியாகத் தெரியும்.

மிளகை மிக்ஸியில் போட்டு மாவாக்காதீர்கள். சின்ன உரலில் தட்டுங்கள், ஒவ்வொரு மிளகும் நாலைந்தாக உடைந்தால் போதும். சேர்வராயன் மலையில் இருக்கும் ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழல் மரங்களில் ஏறிப் படரும் கொடி மிளகு கிடைத்தால் வாங்குங்கள். உடைத்த உடனே எழும் வாசனையிலேயே பழைய சரக்குக்கும் புதுச் சரக்குக்கும் வித்தியாசம் தெரிந்துவிடும். மிளகின் காரம் கொதியைத் தாங்கும், வாசனை தாங்காது. அதனால் முக்கால்வாசி மிளகு கடைசியில்தான் போகவேண்டும்.

அடுப்பில்

அடி கனமான ஸ்டீல் பாத்திரமோ பழகிய மண்சட்டியோ எடுத்துக்கொள்ளுங்கள். இரும்பு வடச்சட்டியில் கறி அருமையாகச் சிவக்கும். ஆனால் மாம்பழப் புளிப்பு இரும்போடு சேர்ந்தால் குழம்பு கருத்து, நாக்கில் இரும்பு வாடை அடிக்கும். இரும்பில்தான் செய்வேன் என்பவர்கள் கறியை மட்டும் அதில் சிவக்கவைத்துவிட்டு மீதி வேலையை வேறு பாத்திரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் கறித் துண்டுகளை இரண்டு தவணையாகப் போடுங்கள். மொத்தத்தையும் ஒரே தடவையில் போட்டால் சூடு இறங்கி, தண்ணீர் விட்டு, கறி வெளிறிப்போகும். போட்ட பிறகு மூன்று நிமிஷம் கரண்டியை வைக்காதீர்கள். சிவந்த துண்டு தானாகவே அடியை விட்டுக் கழன்று வரும், ஒட்டிப்பிடித்தால் இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம். திருப்பி இன்னொரு இரண்டு நிமிஷம் வைத்துத் தட்டில் எடுத்துவிடுங்கள். உள்ளே வேகவில்லையே என்று கவலை வேண்டாம், மறுபடி சட்டிக்குத்தான் வரப்போகிறது.

அதே எண்ணெயில் பட்டை, கிராம்பு, ஒரு கொத்துக் கறிவேப்பிலை, இரண்டாகக் கீறிய சின்ன வெங்காயம் போட்டு, கால் டீஸ்பூன் உப்புத் தூவி நடுத்தீயில் வதக்குங்கள். வெங்காயம் விடும் ஈரத்திலேயே அடியில் ஒட்டியிருக்கும் பழுப்புப் பற்று கரைந்து வரும். குழம்பின் ருசியில் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது, சுரண்டி எடுத்துவிடுங்கள். எட்டு நிமிஷத்தில் வெங்காயம் பொன்னிறமாகும். அரைத்த விழுதைப் போட்டு, தீயைக் குறைத்து, ஓரத்தில் எண்ணெய் பிரியும் வரை நாலைந்து நிமிஷம் கிளறுங்கள். பூண்டின் பச்சை வாடை போகாமல் பழத்தைச் சேர்த்தால் பிறகு எதைப் போட்டாலும் அந்த வாடை மறையாது.

அரை டம்ளர், அதாவது 100 மில்லி வெந்நீர் ஊற்றுங்கள். கறித் துண்டுகளையும் தட்டில் இறங்கியிருக்கும் சாற்றையும் சேர்த்து, மூடி, சிறுதீயில் 18 முதல் 20 நிமிஷம் வேகவிடுங்கள். பிராய்லர் கறியே தண்ணீர் விடும், அதனால் இதற்கு மேல் தண்ணீர் வேண்டாம். தொடையின் கனமான இடத்தில் கத்தி நுனியால் குத்தினால் வடியும் சாறு இளஞ்சிவப்பாக இல்லாமல் தெளிவாக இருக்கவேண்டும். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் 74 டிகிரி செல்சியஸ் காட்டவேண்டும். இதை இந்தக் கட்டத்திலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். பழம் போன பிறகு, கறி வேகவில்லை என்று மறுபடி கொதிக்கவைக்க வழியில்லை.

ஏற்காட்டில் சமைப்பவர்களுக்கு ஒரு சேதி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதி பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும் சூடு குறைவு. கீழே சேலத்தில் இருபது நிமிஷத்தில் வேகும் கறிக்கு மேலே இருபத்தைந்து, இருபத்தேழு நிமிஷம் ஆகும். நாட்டுக்கோழி என்றால் எந்த ஊராக இருந்தாலும் சிவக்கவைத்த பிறகு குக்கரில் ஒரு டம்ளர் தண்ணீரோடு நாலைந்து விசில் விட்டு, அந்தச் சாற்றைச் சுண்டவைத்துக்கொண்டு மேலே போங்கள். மாம்பழத்தை மட்டும் குக்கருக்குள் போடவே கூடாது.

பழம் போகும் ஐந்து நிமிஷம்

மூடியைத் திறந்து பாருங்கள். குழம்பு கறியைப் பாதி மூடுகிற அளவுக்கு மட்டும் இருக்கவேண்டும். கூடுதலாக இருந்தால் இப்போதே பெருந்தீயில் சுண்டவையுங்கள். கூழ் விழுந்த பிறகு சுண்டவைக்க முடியாது. பழத்தின் சர்க்கரை அடியில் இறங்கிக் கருகும், அந்தக் கசப்பு ஒரு நிமிஷத்தில் சட்டி முழுக்கப் பரவிவிடும்.

தீயை முழுக்கக் குறைத்துவிட்டு மாம்பழக் கூழை ஊற்றுங்கள். வெல்லக் கரைசல் தேவையென்றால் இதோடு சேர்ந்து போகட்டும். கரண்டியால் அடியைத் தொட்டுத் தொட்டுக் கிளறி, மூன்று நிமிஷம் வையுங்கள். குழம்பு தளதளவென்று கொதிக்கக் கூடாது, அங்கங்கே சோம்பலாக ஒரு குமிழி வந்து உடைந்தால் போதும். இந்த மூன்று நிமிஷத்தில் நிறம் செங்காவியிலிருந்து மினுமினுப்பான ஆரஞ்சுக்கு மாறும், கறித் துண்டின் மேல் பூசின மாதிரி ஒரு பளபளப்பு ஏறும். அதுதான் பதம்.

இப்போது ருசி பாருங்கள். இனிப்பு வந்த பிறகு குழம்பு உப்புக் குறைவாகத் தெரியும், மீதி அரை டீஸ்பூன் உப்பு அதற்காகத்தான். கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள்.

பிறகு செங்காய்த் துண்டுகளைப் போட்டு, கரண்டியால் குத்தாமல் சட்டியைக் குலுக்கியோ அடியிலிருந்து ஒருமுறை மடித்தோ கலந்துவிடுங்கள். ஒரு நிமிஷத்தில் அடுப்பை அணைத்துவிடலாம். அணைத்த பிறகு தட்டிய மிளகு ஒன்றரை டீஸ்பூன், கிள்ளிய கறிவேப்பிலை, அரை எலுமிச்சை சாறு. மூடி ஐந்து நிமிஷம் விடுங்கள். திறக்கும்போது முதலில் மிளகு வாசனையும் அதன் பின்னாலேயே மாம்பழமும் வரவேண்டும். துண்டுகள் சூடேறியிருக்கும், ஆனால் மூலை நாலும் கூராகவே நிற்கும். கடித்தால் வெளியே காரம், உள்ளே புளிப்பும் இனிப்பும்.

கை தப்பினால்

குழம்பு நீர்த்திருந்து, கூழும் போய்விட்டதா? மேற்கொண்டு கொதிக்கவைக்காதீர்கள். சேலத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது மரவள்ளி மாவு. ஒரு டீஸ்பூனை இரண்டு டேபிள்ஸ்பூன் குளிர்ந்த தண்ணீரில் கரைத்து, சிறுதீயில் ஊற்றிக் கிளறினால் அரை நிமிஷத்தில் இறுகும். சோளமாவை விட இதில் பளபளப்பு அதிகம், மாவு வாடையும் இல்லை. ஆனால் இறுகியதும் நிறுத்திவிடுங்கள், நேரம் ஆக ஆகக் கோந்து மாதிரி இழுக்கும்.

தித்திப்பு கூடிவிட்டால் மிளகாயைக் கூட்ட வேண்டாம், எலுமிச்சையும் உப்பும்தான் மருந்து. காரம் கூடிவிட்டால் சர்க்கரை போடாதீர்கள், அது காரத்தை மறைத்த மாதிரி காட்டிவிட்டுக் குழம்பைப் பாகாக்கும். மிளகாயின் காரம் கொழுப்பில் கரையும். அடுப்பை அணைத்த பிறகு கெட்டித் தேங்காய்ப்பால் கால் டம்ளர் ஊற்றுங்கள், அதன் பிறகு சூடேற்றாதீர்கள். புளிப்பும் கொதியும் சேர்ந்தால் பால் திரிந்துபோகும். அடிபிடித்த வாடை வந்துவிட்டால் கிளறாமல் மேலாகக் கறியை மட்டும் வேறு பாத்திரத்துக்கு எடுத்துவிடுங்கள், அடியைச் சுரண்டினால் எல்லாமே போகும்.

மாம்பழம் இல்லாத மாதங்களில்

பனிக்காலத்தில் ஏற்காட்டு ஆரஞ்சு. நாலைந்து பழத்தின் சாறு 150 மில்லி எடுத்து, தனிப் பாத்திரத்தில் பாதியாகச் சுண்டவைத்துக் கூழுக்குப் பதிலாக ஊற்றுங்கள். துண்டுக்குச் சுளைதான், ஆனால் விதையையும் வெள்ளைத் தோலையும் கண்டிப்பாக உரித்தாக வேண்டும். கசப்பு அங்கேதான் இருக்கிறது. மேல்தோலின் ஆரஞ்சு நிறப் பகுதியை மட்டும் கால் டீஸ்பூன் துருவிக் கடைசியில் தூவினால் மிளகோடு அவ்வளவு பொருத்தம். எலுமிச்சை வேண்டாம்.

பேரிக்காய்க்குக் கணக்கே வேறு. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் காப்பியோடு சேர்த்து ஏற்காட்டுக்குக் கொண்டுவந்த பழங்களில் அதுவும் ஒன்று. மலைப் பேரிக்காய் கடினமானது, சூட்டைத் தாங்கும். கறி வேகும் நேரத்தில் கடைசிப் பத்து நிமிஷத்துக்குத் துண்டுகளைப் போட்டுவிடலாம். இனிப்பு குறைவு என்பதால் வெல்லம் 20 கிராம் வேண்டும், புளிப்பும் குறைவு என்பதால் ஒரு முழு எலுமிச்சை வேண்டும்.

அன்னாசிப் பழம் நன்றாகவே வரும், ஒரு நிபந்தனையோடு. அதன் சாற்றில் கறியை ஊறவைக்காதீர்கள். அதில் இருக்கும் புரோமெலைன் என்னும் நொதி புரதத்தை அறுக்கும். ஒரு மணி நேரம் ஊறினால் கறியின் மேல்பாகம் பஞ்சாகிக் கொழகொழவென்றாகும். வெந்த கறியில் கடைசியாகப் போடும்போது அந்தப் பிரச்சினை இல்லை. பலாச்சுளையை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். நாலு சுளை போட்டாலே அதன் வாசனை மிளகையும் கோழியையும் அமுக்கிவிடும்.

எதோடு சாப்பிடுவது

வெறும் சோறும் தோசையும் பொருந்தும். சப்பாத்தியை விட ஆப்பம் நல்லது. எல்லாவற்றையும் விடச் சாமைச் சோறு இதற்கு எடுப்பு. ஒரு டம்ளர் சாமைக்கு இரண்டேகால் டம்ளர் தண்ணீர் வைத்து உதிரியாக வடித்தால் ஒவ்வொரு மணியும் குழம்பை உறிஞ்சிக்கொள்ளும். பக்கத்தில் உப்புப் போட்ட வெள்ளரித் துண்டு போதும். ரசமோ மோர்க்குழம்போ அன்றைக்கு வேண்டாம், புளிப்பு இரட்டிப்பாகும்.

மிச்சம் இருந்தால் சூடு ஆறியதும், இரண்டு மணி நேரத்துக்குள், ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மாம்பழக் காலம் சேலத்தில் வெயில் காலம், சட்டியோடு விடிய விடிய வெளியே வைத்தால் கெட்டுவிடும். மறுநாள் சூடாக்கும்போது பழத் துண்டுகளைப் பொறுக்கி எடுத்து வைத்துவிட்டு, கறியையும் குழம்பையும் இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்து நன்றாகக் கொதிக்கவிட்டு, அணைத்த பிறகு துண்டுகளை மறுபடி சேருங்கள். மிளகு மட்டும் புதிதாக ஒரு சிட்டிகை தட்டிப் போடுங்கள்.